பாப்பாவோட கணக்கு டியூஷன் ரிவ்யூ: திண்ணைல உக்காந்திருந்த அப்பன் எழுதுறது

முதல்லயே சொல்லிடறேனுங்க, நான் டீச்சரும் இல்ல, கணக்குல புலியும் இல்ல. கோவை கணபதி பக்கம் சின்னதா ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கேன், ஐடிஐ முடிச்சு இருபத்திரெண்டு வருசமா காயில் சுத்திட்டு இருக்கற ஆளு. மூத்தது பொண்ணு, ஒம்பதாவது படிக்குது. அவள சேத்துவிட்ட கணக்கு டியூஷன் எப்படின்னு ஏரியால ரெண்டு மூணு பேரு கேட்டுட்டே இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் மெசேஜ் போட்டு முடியல, அதான் ஒரே தடவையா எழுதிடலாம்னு உக்காந்தேன். நீளமா போகும், பொறுத்துக்கங்க. அவசரக்காரங்களுக்கு: அஞ்சுக்கு நாலு ஸ்டார். அந்த ஒண்ண ஏன் பிடிச்சேன்னு கீழ வரும்.

டீச்சர் ரிட்டயர்டு ஆனவங்க. பேரு நம்பர் எதும் இங்க போடல, அவங்களே வேண்டாம்னுட்டாங்க, "இருக்கற பதினோரு பேர பாக்கவே எனக்கு மூச்சு வாங்குது தம்பி"ன்னு. ஓட்டு வீடு, முன்னால திண்ணை, உள்ள ஹால்ல பாய் விரிச்சிருக்கும், செவுத்துல நெசமான கரும்பலகை, சாக்பீஸ். திங்கள் புதன் வெள்ளி சாயந்தரம் ஆறுல இருந்து ஏழரை வரைக்கும், ஏழரைன்னா எட்டு. மாசம் 700 ரூபா. முன்பணம், அட்மிஷன் ஃபீஸ், டீ ஷர்ட், பேக் அப்படி ஒண்ணும் கிடையாது.

போன வருசம் பூரா வேற ஒரு இடத்துல படிச்சா. பேரு வேண்டாம். ஏசி ஹாலு, செவுரு அகலத்துக்கு டிவி போர்டு, ஒரு பேட்ச்ல அறுவது பசங்க, வாரா வாரம் டெஸ்ட்டு, மார்க் நம்ம போனுக்கே வந்துரும். வந்த மார்க்க பாத்தா தான் வயித்தெரிச்சல். ஒரு நாள் பேப்பர வாங்கி பாத்தேன், 3எக்ஸ் = 12ன்னு இருக்கு, அதுக்கு அடுத்த வரி எக்ஸ் = 12 − 3, அதுக்கு கீழ எக்ஸ் = 9, கீழ ரெண்டு கோடு வேற போட்டு அழகா முடிச்சிருக்கா. என்ன கண்ணு இதுன்னு கேட்டா, "அந்தப் பக்கம் போனா சைன் மாறும்லப்பா, 3 இந்தப் பக்கம் ப்ளஸ்ல இருந்துச்சு, அந்தப் பக்கம் போயி மைனஸ் ஆயிருச்சு" அப்படிங்கறா. தப்புன்னு எனக்கு தெரியுது, மூணு ஒம்பது இருபத்தேழு, பன்னெண்டு எங்க வருது. ஆனா ஏன் தப்புன்னு அவளுக்கு புரியற மாதிரி சொல்ல எனக்கு வாய் வரல, ஏன்னா நானும் அதே பாட்டுதான் படிச்சேன், ப்ளஸ் அந்தாண்ட போனா மைனஸு, பெருக்கல் அந்தாண்ட போனா வகுத்தல், மனப்பாடம். எதுக்கு மாறுது யாரு மாத்துறான்னு ஒருத்தரும் சொல்லல, நானும் கேக்கல.

இந்த டீச்சர் வீட்டுக்கு மொத நாள் கூட்டிட்டு போனப்ப நான் கடைக்கு திரும்பலாம்னு தான் பாத்தேன், ஆனா அந்த நேரத்துல சத்தி ரோட்ல போயிட்டு வர்றதுக்குள்ள கிளாஸ் முடிஞ்சிரும், சரின்னு திண்ணைலயே உக்காந்துட்டேன். ஜன்னல் தெறந்திருந்துச்சு. உள்ள கேட்ட மொத வாக்கியமே இதுதான்: "இந்த வீட்டுக்குள்ள அந்தப் பக்கம் போகுது இந்தப் பக்கம் வருதுன்னு ஒருத்தரும் பேசக்கூடாது. ஏழுக்கு என்ன காலா இருக்கு, எந்திரிச்சு போறதுக்கு?"

பசங்க சிரிச்சாங்க. அவங்க சிரிக்கல. எக்ஸ் + 7 = 12ன்னு எழுதி, "சமம்னா ரெண்டு பக்கமும் ஒரே மதிப்பு. ஒரே மதிப்பு இருக்கற ரெண்டுலயும் ஒரே வேலைய செஞ்சா அப்பறமும் சமமாத்தான் இருக்கும். எனக்கு எக்ஸ் மட்டும் தனியா வேணும், கூட ஒட்டிட்டு இருக்கற ஏழு வேண்டாம், அப்ப ரெண்டு பக்கமும் ஏழ கழி"ன்னு அந்த வரிய முழுசா எழுதுனாங்க, எக்ஸ் + 7 − 7 = 12 − 7ன்னு. இந்தப் பக்கம் ஏழு காணாம போச்சு, அந்தப் பக்கம் அஞ்சு. ஏழு எங்கயும் போகலைங்க, நாமதான் ரெண்டு எடத்துலயும் கழிச்சோம், ஒரு எடத்துல கண்ணுக்கு தெரியல, இன்னொரு எடத்துல தெரியுது, அதத்தான் நாம "போயிருச்சு"ன்னு நெனச்சிட்டு இருந்தோம். அடுத்து 3எக்ஸ் = 12. எம்பொண்ணோட கணக்கேதான், யாரு சொல்லிக்குடுத்தாங்களோ. மூணு எக்ஸோட கூட்டிட்டு நிக்கல, பெருக்கிட்டு நிக்குது, பெருக்குனத கலைக்க வகுக்கத்தான் முடியும், ரெண்டு பக்கமும் மூணால வகு, எக்ஸ் = 4. நாப்பத்து மூணு வயசுல திண்ணைல உக்காந்து கொசு அடிச்சிட்டே எனக்கு இது வெளங்குச்சு.

ஒரு பையன் கேட்டான், "டீச்சர் இந்த நடு வரி எதுக்கு, ஸ்கூல்ல எழுத மாட்டோமே"ன்னு. "நான் போதும்னு சொல்ற வரைக்கும் எழுது"ன்னாங்க. மூணு வாரம் சொல்லல. இது எங்க வீட்டம்மாவுக்கு பிடிக்கல, அதையும் கீழ சொல்றேன்.

அவங்க பேசுறதுல எனக்கு ரொம்ப பிடிச்சது இன்னொண்ணு. ஃபார்முலா எழுதுனா உடனே "இந்த வாக்கியத்துல எழுவாய் யாரு"ன்னு கேப்பாங்க. நாம தமிழ்ல படிச்ச அதே எழுவாய் தானுங்க. தனிவட்டி = அசல் × வருசம் × வீதம் / 100ன்னா வாக்கியம் வட்டிய பத்தி பேசுது, வட்டிதான் எழுவாய். இப்ப எனக்கு வட்டி தெரியும், வீதம்தான் தெரியணும், அப்ப வீதத்த எழுவாயாக்கி அதே வாக்கியத்த திருப்பி எழுது, அர்த்தம் மாறக்கூடாது, வீதம் = 100 × வட்டி / (அசல் × வருசம்). "ராமன் கடைக்கு போனான், கடைக்கு போனது ராமன், ரெண்டும் ஒரே சேதிதானே, அவ்வளவுதான் அல்ஜீப்ரா"ன்னாங்க. எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் 40,000 கடன் வாங்கி எட்டு மாசத்துல 4,800 வட்டி கட்டிட்டு நல்ல வட்டியா கெட்ட வட்டியான்னு கேட்டுட்டு இருந்தாரு, திண்ணைல உக்காந்தே போன்ல போட்டு பாத்தேன், எட்டு மாசத்த 8/12 வருசமா போடணும், 18 சதவீதம் வந்துச்சு. நம்ம ஊர் பாஷைல ஒண்ணரை வட்டி.

ரெண்டாவது வாரம் தான் நான் மாட்டுனேன். காய்ச்சல் கணக்கு. ஃபாரன்ஹீட் = 9 × செல்சியஸ் / 5 + 32, இதுல செல்சியஸ தனியா எடுக்கணும். பாதி பசங்க மொதல்ல 5/9ஆல பெருக்கிட்டு அப்பறம் 32அ கழிச்சாங்க. டீச்சர் ஒண்ணும் சொல்லாம, "சரி, உன் தங்கச்சிக்கு காய்ச்சல் 104, உன் ஃபார்முலால போட்டு சொல்லு"ன்னாங்க. அவன் போட்டான், 25.8 வந்துச்சு. "புள்ளைய ஃப்ரிட்ஜ்லயா வெச்சிருக்க?" அப்படின்னு கேட்டாங்க பாருங்க, எனக்கு திண்ணைல சிரிப்பு அடக்க முடியல. அப்பறம் எதுனால தப்பாச்சுன்னு யாராச்சும் சொல்லுங்கன்னாங்க. உள்ள சத்தமே இல்ல. என் வாயி சும்மா இருக்காம ஜன்னல் வழியா, "கழட்டுற வரிசை தப்புங்க டீச்சர்"னு சொல்லிட்டேன்.

எல்லாரும் திரும்பி என்ன பாக்கறாங்க. பாப்பா மூஞ்சிய நோட்டுக்குள்ள பொதச்சிக்கிட்டா. டீச்சர் கோவப்படல, "உள்ள வாங்க தம்பி, வந்து சொல்லுங்க"ன்னாங்க. என்னத்த சொல்ல, எனக்கு தெரிஞ்சது மோட்டாரு. ஒரு மோட்டார் மாட்டுறப்ப மொதல்ல ரோட்டர், அதான் நடுவுல சுத்தற பாகம், உள்ள போகும், அது மேல எண்ட் கவரு, அதுக்கு வெளில ஃபேனு, கடைசியா ஃபேன் கவரு. கழட்டுறப்ப ரோட்டர்தான் வேணும்னு நேரா ரோட்டர புடிச்சு இழுத்தா வருமா, கடைசில மாட்டுன ஃபேன் கவர மொதல்ல கழட்டணும், அப்பறம் ஃபேன், அப்பறம் எண்ட் கவர், அப்பறம் தான் ரோட்டர். இங்க செல்சியஸ் தான் ரோட்டரு. அது மேல மொதல்ல 9ஆல பெருக்கல் ஏறுச்சு, அப்பறம் 5ஆல வகுத்தல், கடைசியா 32 கூட்டல். 32 தான் ஃபேன் கவரு. அத மொதல்ல கழிக்கணும், 104 − 32 = 72, அப்பறம் 5ஆல பெருக்கி 360, அப்பறம் 9ஆல வகுத்தா 40. நாப்பது டிகிரி, நல்ல காய்ச்சல்.

அன்னைல இருந்து அந்த கிளாஸ்ல "ஃபேன் கவர் எது"ன்னு தான் கேக்கறாங்க. எம்பொண்ணுக்கு ஒரு மாசம் வெக்கம் போகல. எனக்கு சொல்ல முடியாத பெருமை, அத விடுங்க.

திருப்பி எழுதுனது சரியான்னு பாக்க அவங்க வெச்சிருக்கற வழி எளிமையானது, தெரிஞ்ச ஒரு நம்பர ரெண்டுலயும் போட்டு பாரு. தண்ணி கொதிக்கறது 100 டிகிரி, பழைய ஃபார்முலால போட்டா 212 வரும், அந்த 212அ திருப்பி எழுதுன ஃபார்முலால போட்டா 100 வரணும், வரலைனா எங்கியோ போல்ட்ட மாத்தி கழட்டிருக்க. போன் கேமராவ காமிச்சா ஸ்டெப்போட போட்டுக் குடுக்கற ஆப்பெல்லாம் இருக்கே அதையும் திட்டறதில்ல, "நீ போட்டு முடிச்சிட்டு அதுகிட்ட கேளு, அது போட்டத பாத்து நீ எழுதாத" அவ்வளவுதான்.

ஐடிஐ படிச்சவங்களுக்கு ஓம்ஸ் லா (வோல்ட்டு = ஆம்பியர் × ரெசிஸ்டன்ஸ்) முக்கோணம் ஞாபகம் இருக்கும். மேல வோல்ட்டு, கீழ ஆம்பியரும் ரெசிஸ்டன்ஸும், எது வேணுமோ அத வெரல வெச்சு மறை. நான் அத டீச்சர்கிட்ட பெருமையா காமிச்சேன். "மூணு பேரு இருந்தா முக்கோணம் சரி, இந்த 32 நாலாவதா வந்து நின்னா எங்க உக்கார வெப்பீங்க"ன்னு கேட்டாங்க. வாய மூடிட்டேன். நெசம்தான், அந்த முக்கோணம் பெருக்கலுக்கு மட்டும்தான் வேலை செய்யும், ஒரு கூட்டல் உள்ள வந்தா செத்துரும். அதுக்கு பதிலா என் தொழில்லயே தெனம் வர்றத எடுத்து போடச் சொன்னாங்க. ஸ்பீடு = 120 × ஹெர்ட்ஸ் / போல். ஹெர்ட்ஸ் நம்ம கரண்ட்டுக்கு 50, போல்னா மோட்டாருக்குள்ள காயில் உண்டாக்கற காந்த முனைங்க எண்ணிக்கை. பழைய மோட்டார் வரும், நேம் பிளேட்ல பாதி அழிஞ்சிருக்கும், ஸ்பீடு 1440ன்னு மட்டும் தெரியும், எத்தன போல்னு கண்டுபுடிச்சா தான் காயில் போட முடியும். போல் எண்ணிக்கைய எழுவாயாக்குனா போல் = 120 × 50 / 1440, 4.17 வரும், போல் அரையும் காலும்மா இருக்காது, அதுவும் ரெட்டப்படைலதான் வரும், அப்ப நாலு போல். அந்த மிச்சம் 0.17 ஸ்லிப்பால வர்றது, 1500ல சுத்த வேண்டியது 1440ல சுத்துது. இத்தன வருசம் 1440ன்னா நாலு, 2880ன்னா ரெண்டுன்னு மனப்பாடமா தான் வெச்சிருந்தேன்.

ஒரு நாள் கரண்ட்டு போச்சு. மெழுகுவத்தி வெளிச்சத்துல கணக்கு வேண்டாம்னு கதை சொன்னாங்க, நான் திண்ணைல இருந்து கேட்டது. அல்ஜீப்ராங்கற பேரு அல்-ஜப்ர்ங்கற அரபி வார்த்தைல இருந்து வந்துச்சாம், பாக்தாத்ல 820 வாக்குல அல்-குவாரிஸ்மின்னு ஒருத்தரு எழுதுன புஸ்தகத்து தலைப்புல இருக்கற வார்த்தை, ஒடஞ்சத திரும்ப சேக்கறதுன்னு அர்த்தம். ஸ்பெயின்ல ஒரு காலத்துல எலும்பு முறிவுக்கு கட்டு போடறவர அல்ஜிப்ரிஸ்டான்னு தான் கூப்புட்டாங்களாம். நம்ம புத்தூர் கட்டு வைத்தியரும் எக்ஸ் கண்டுபுடிக்கற வாத்தியாரும் ஒரே பேரு! நம்ம நாட்டுல பிரம்மகுப்தர் 628லயே தெரியாத எண்ணுக்கு கலர் பேரு வெச்சு கணக்கு போட்டாராம், கறுப்பு, நீலம்னு. சமம்னு போடற ரெட்டை கோடு 1557ல ராபர்ட் ரெக்கார்டுன்னு வேல்ஸ்காரரு போட்டது, ஒரே நீளத்துல ரெண்டு கோடு, இத விட சமமா ரெண்டு பொருள் இருக்க முடியாதுன்னு காரணமும் எழுதி வெச்சிருக்காரு. அது வரைக்கும் "சமம்"னு வார்த்தையா எழுதிட்டு இருந்திருக்காங்க பாவம். கரண்ட்டு வந்ததும் கதைய பாதில நிறுத்திட்டாங்க, பசங்களுக்கு ஏமாத்தம், எனக்கும்.

இப்ப என் காசு கணக்கு. போன வருசம் தான் ஜிஎஸ்டி நம்பர் எடுத்தேன், மில்லுக்காரங்க வேலை வேணும்னா பில்லு கேக்கறாங்க. ஒரு மோட்டாருக்கு எல்லாம் சேத்து 5,900னு பேசுவேன், அதுல 18 சதவீதம் வரி. பில்லுல வரிக்கு முன்னாடி இருக்கற தொகைய போடணும்ல, நான் என்ன பண்ணுவேன், 5,900ல 18 சதவீதம் 1,062, அத கழிச்சு 4,838ன்னு டைப் பண்ணுவேன். சாஃப்ட்வேர் அது மேல வரி போட்டு 5,708 ரூபா 84 காசுன்னு பில்லு தள்ளும். மில்லுல பில்லுல இருக்கறது தான் குடுப்பாங்க. ஒவ்வொரு பில்லுலயும் 191 ரூபா எங்க போகுதுன்னு தெரியாம, கம்ப்யூட்டர் ஏதோ ரவுண்டு பண்ணுதுன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டு ஏழு மாசம் ஓட்டிருக்கேன். சிரிக்காதீங்க.

டீச்சர் கிளாஸ்ல ஒரே ஆளு ரெண்டு எடத்துல நிக்கற கணக்குன்னு ஒண்ணு எடுத்தாங்க, அன்னிக்கு தான் பொறி தட்டுச்சு. மொத்தம் = தொகை + தொகை × 18/100. நமக்கு வேணும்கற தொகை ரெண்டு எடத்துல நிக்குது. ஒண்ண மட்டும் தனியா எடுத்தா இன்னொண்ணு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டே இருக்கும், எத்தன தடவ கழட்டுனாலும் வராது. மொதல்ல ரெண்டு பேரையும் ஒரே வண்டில ஏத்தணும், தொகை × (1 + 18/100) = மொத்தம், இப்ப ஒருத்தர்தான், கூட இருக்கற 1.18ஆல வகுத்தா முடிஞ்சுது. 5,900 / 1.18 = 5,000. முழுசா 5,000! நான் கழிச்ச 18 சதவீதம் மொத்தத்து மேல, அரசாங்கம் போடற 18 சதவீதம் தொகை மேல, ரெண்டும் வேற. அந்த 191ல வரி போக எனக்கு நிக்கறது 162, டியூஷன் ஃபீஸ் 700 ரூபா அஞ்சு பில்லுல வந்துருச்சுன்னு வெச்சுக்கங்க. அதனால ஒரு ஸ்டார் எச்சா குடுக்க முடியாதா டீச்சருக்குன்னு கேட்டா, அது எனக்கு கெடச்சது, நான் எழுதுறது பசங்களுக்கான ரிவ்யூ.

சரி, குறைங்கள சொல்லிடறேன். ஸ்பீடு கிடையாது. அந்த நடு வரிய மூணு வாரம் எழுத வெச்சாங்கன்னு சொன்னேனே, அதோட பலன் காலாண்டுல தெரிஞ்சுது, எல்லா ஸ்டெப்பும் எழுதி எழுதி நேரம் பத்தாம கடைசி ரெண்டு கேள்விய விட்டுட்டா, போன வருசம் 61, காலாண்டுல 58. வீட்டுல எனக்கு விழுந்த திட்டு கொஞ்ச நஞ்சம் இல்ல, "ஏசில படிச்சப்பவே மூணு மார்க்கு எச்சா வாங்குனா"ன்னு. அரையாண்டுல 74 வந்துச்சு, அப்பறம் தான் சோறு ஒழுங்கா கெடச்சுது. 74ம் ஒண்ணும் ஊரே மெச்சற மார்க் இல்ல, தெரியும். ஆனா பேப்பர்ல அல்ஜீப்ரா பகுதில ஒரு தப்பு கூட இல்ல, போனது பூரா ஜியாமெட்ரில, அது இன்னும் அவங்க தொடவே இல்ல. இதான் ரெண்டாவது குறை, போர்ஷன் முடிக்கறது இல்ல. ஸ்கூல் எங்க போகுதோ அது பின்னாடி ஓடறதும் இல்ல, தனக்கு சரின்னு படற எடத்துல நின்னுக்குவாங்க. டெஸ்ட் இல்ல, மார்க் மெசேஜ் இல்ல, லீவு விட்டா கூட அங்க போய் பூட்டு பாத்து தான் தெரியும். மழை வந்தா திண்ணைல சாரல் அடிக்கும், கூட வர்ற பெத்தவங்க கொடை எடுத்துட்டு போங்க. கொசு பத்தி ஏற்கனவே சொல்லிட்டேன்.

அதனால பத்தாவது பன்னெண்டாவது பசங்கள, அதுவும் பரீச்சைக்கு நாலு மாசம் இருக்கறப்ப, இங்க சேக்காதீங்க. அவங்களே எடுக்க மாட்டாங்க. ஏழு, எட்டு, ஒம்பதுக்கு கண்ண மூடிட்டு சேக்கலாம். ஃபார்முலாவ பாத்தா பயந்து ஓடற புள்ளைன்னா கட்டாயம் சேக்கலாம்.

நான் இத எழுத உக்காந்ததுக்கு நெசமான காரணம் போன ஞாயித்துக்கெழம நடந்தது. கடைக்கு ஒரு மோட்டார் வந்துச்சு, 20 கேஜ் (கேஜ்னா கம்பி தடிமன் நம்பர், நம்பர் ஏற ஏற கம்பி மெலிசாகும்) கம்பி சுத்துனது, என்கிட்ட 20 ஸ்டாக் இல்ல, கடைங்க லீவு, தோட்டத்துக்காரரு தண்ணி இல்லாம நிக்கறாரு. எங்க வாத்தியாரு, அதான் எனக்கு தொழில் சொல்லிக்குடுத்தவரு, ஒரு வழி சொல்லிருந்தாரு, கம்பி இல்லைனா மூணு நம்பர் ஏத்தி ரெட்டை கம்பியா சுத்து, 19க்கு பதிலா 22 ரெண்டு, 20க்கு பதிலா 23 ரெண்டு. இருவது வருசமா அப்படித்தான் பண்றேன். பாப்பா கடைல உக்காந்து ஹோம்வொர்க் பண்ணிட்டு இருந்தா, "ஏம்பா மூணு நம்பர்"னு கேட்டா. வாத்தியாரு சொன்னாருன்னேன். டீச்சர் வீட்டு பழக்கம், அது அவளுக்கு பதிலா தெரியல, பில் புக்க திருப்பி போட்டு எழுத ஆரம்பிச்சுட்டா.

கம்பியோட குறுக்கு பரப்பு பை × விட்டம் ஸ்கொயர் / 4. ஒத்தை கம்பி பரப்பும் ரெட்டை கம்பி மொத்தப் பரப்பும் சமமா இருக்கணும். ரெண்டு பக்கமும் இருக்கற பை / 4 அடிபட்டுச்சு, பெரிய விட்டம் ஸ்கொயர் = 2 × சின்ன விட்டம் ஸ்கொயர். சின்னது எழுவாய், 2ஆல வகு, அப்பறம் ரூட் எடு. சின்னது = பெருசு / 1.414. கம்பி டேபிள எடுத்து குடுத்தேன். 19 கேஜ் 1.016 மில்லிமீட்டர், 1.414ஆல வகுத்தா 0.718, 22 கேஜ் 0.711, சரியா உக்காருது, வாத்தியாரு சொன்னது ரைட்டு. 20 கேஜ் 0.914, வகுத்தா 0.646. 23 கேஜ் எவ்வளவுன்னு பாத்தா 0.610. பரப்பா கணக்கு போட்டா நூத்துக்கு 11 குறையுது! 18 கேஜுக்கும் இதே 11 தான் குறையுது. கேஜ் நம்பருங்க ஒரே அளவா எறங்கறது இல்ல, அதனால 19க்கு சரியா வந்தது பக்கத்து நம்பருக்கு வரல. 20 கேஜுக்கு நான் அப்படி சுத்தி குடுத்த மோட்டாருங்கள்ல சிலது சூடாகுதுன்னு திரும்பி வந்திருக்கு, வோல்டேஜ் சரியில்லைன்னு லைன் மேல பழிய போட்டு அனுப்பிருக்கேன். கம்பிதான் காரணம்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

22லயே ரெண்டு போட்டா பரப்பு ரொம்ப எச்சு, காயில் உக்கார்ற பள்ளத்துல, அதான் ஸ்லாட்ல, அடங்காது. "அப்ப ஒண்ணு 22, இன்னொண்ணு வேறப்பா"ன்னா. பெருசு ஸ்கொயர் = 22 ஸ்கொயர் + இன்னொண்ணு ஸ்கொயர். நான் அவசரத்துல எல்லாத்துக்கும் ரூட் எடுத்துரு, 0.914ல 0.711 போனா 0.203ன்னேன். அவ என்ன ஒரு பார்வை பாத்தா. "தலமுடி மாதிரி கம்பியா போட போற? ஸ்கொயர் தான்ப்பா ரோட்டர ஒட்டி இருக்கறது, கூட்டல் தான் ஃபேன் கவரு, மொதல்ல அத கழி." 0.835ல 0.506 போனா 0.329, அப்பறம் ரூட், 0.574. 24 கேஜ் 0.559, கிட்டக்க வருது. 22 ஒண்ணு, 24 ஒண்ணு, மொத்தத்துல நூத்துக்கு ரெண்டு தான் குறையுது. ரெண்டும் கடைல ஸ்டாக் இருந்துச்சு. சாயந்தரம் நாலு மணிக்கு வார்னிஷ் அடிச்சு காய வெச்சு மறுநாள் எறக்குனோம், தோட்டத்துக்காரரு நேத்து போன் பண்ணாரு, ஓடிட்டு இருக்குன்னு.

புது பேட்ச் ஜூன்ல ஸ்கூல் தெறந்த பிறகு தான். பதினஞ்சு பேருக்கு மேல எடுக்க மாட்டாங்க, சாயந்தரம் அஞ்சு மணிக்கு நேர்ல போனா பேசுவாங்க, போன்ல பேசமாட்டாங்க. வழி வேணும்கறவங்க கடைக்கு வாங்க, காமிக்கறேன். வண்டிய அவங்க வீட்டு முன்னாடி நிறுத்தாதீங்க, எதுத்த வீட்டுக்காரரு சண்டைக்கு வர்றாரு. கோடு போட்ட நோட்டு வேண்டாம், கோடு போடாத நோட்டா வாங்கிட்டு போங்க, இல்லைனா திருப்பி அனுப்பிருவாங்க. திண்ணைல வலது ஓரம் எனக்கு.